மஞ்சள் தட்டு

ஜனவரி 20, சனி

நிலோஃபருக்கு மஞ்சள் காமாலை. காலையில் வாணியம்பாடியிலிருந்து போன் செய்து அழுதாள். தனக்காக இல்லை, ஒரு கிருமிக்காக.

"ஹெப்சி, ஹெச்-மூணு போயிடும்டி."

"யாருடி அது?"

"உன் பேரு வெச்ச பாக்டீரியாடி, லூசு. உங்க வூட்டுப் பின்னாடி சேறு!"

ஞாபகம் வந்தது. காலேஜ் இரண்டாம் வருடம், எல்லோரையும் வீட்டிலிருந்து ஒரு பிடி மண் கொண்டு வரச் சொன்னார்கள். மற்றவர்கள் ரோஜாத் தொட்டி மண், தென்னந்தோப்பு மண் என்று கொண்டுவந்தார்கள். நான் தோல் பதனிடும் ஷாப் ஓடையிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேறு அள்ளிப்போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா எழுந்து போய்விட்டாள். குரோமியம் கலந்த, கிருமி வளர்க்கிற தட்டில் மற்றவர்கள் மண்ணிலிருந்து எதுவும் முளைக்கவில்லை. என் சேறு மட்டும் முளைத்தது. நான் படிப்பை விட்ட பிறகும் நிலோ அதை விடவில்லை. அதை வைத்தே இப்போது பிஎச்.டி. வரைக்கும் வந்துவிட்டாள்.

பொங்கல் லீவில் லேபின் டீப் ஃப்ரீசர் கெட்டுவிட்டதாம். உள்ளே எல்லாம் உருகி, குப்பிகளின் லேபிள்கள் கழன்று அடியில் கூழாகக் கிடந்ததாம். எது யாருடையது என்று தெரியாததால் நிலோவின் கைடு மேடம் மொத்தத்தையும் அழிக்கச் சொல்லிவிட்டார். மிச்சம், நிலோவின் மேசையில் இருந்த இரண்டே தட்டுகள். வாரா வாரம் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை ஏறிவிடும். மார்ச் முதல் வாரம் அவள் ஆராய்ச்சியைப் பார்க்க வெளியிலிருந்து கமிட்டி வருகிறது. அது விஷத்தில் வளர்வதை அவர்களுக்குக் கண்ணால் காட்ட வேண்டும். மேடம் மே மாதம் ரிட்டயர்டு. கமிட்டி தள்ளிப்போனால் நிலோ வேறு யாரிடமாவது போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

"நான் படிப்ப வுட்டவ. என்னை எவன்டி உள்ள வுடுவான்?"

"மேடம்கிட்ட பேசிட்டேன். கண்டுக்க மாட்டாங்க. உன்ன வுட்டா எனக்கு யாருடி கீறாங்க?"

சரி என்றேன். எனக்கும் இப்போது வேலை இல்லை. ஷூ கம்பெனியை தீபாவளியோடு விட்டேன். அதற்கு முன் செல்போன் கடை. அதற்கு முன் ஒரு நர்சரி ஸ்கூல். எனக்கு எதிலும் ஒட்டாது.

"என்ன பண்ணாலும் தேதி போட்டு எழுதி வைடி" என்றாள். லேப் கணக்கு தனி நோட்டில். இது என்னுடையது.

ஜனவரி 22, திங்கள்

ஐந்து வருடம் கழித்து காலேஜ் லேப் படியில் ஏறினேன். மாடி வளைவிலேயே வாசனை வந்துவிட்டது. அகார் வேகும்போது வரும் கடல்பாசி வாடை, அதன் மேல் ஸ்பிரிட் விளக்கு. கண் கலங்கியது. ஸ்பிரிட் புகை அப்படித்தான் செய்யும்.

என் ஸ்டூல் அங்கேயே இருந்தது. ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் நான் மடித்து வைத்த அட்டையும் அப்படியே இருந்தது. ஐந்து வருடமாக எவனுக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை.

சற்குணம் மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வந்துட்டியா? இளைச்சிட்டே. ரிஜிஸ்டர்ல கையெழுத்து எதுவும் போடாதே. கேட்டா நிலோஃபருக்கு டிபன் எடுத்துட்டு வந்தவன்னு சொல்லு."

"அவ லீவுல கீறாளே மேடம்."

"அப்ப எனக்கு எடுத்துட்டு வந்தேன்னு சொல்லு."

தட்டுகள் எலுமிச்சை மஞ்சளாக இருந்தன. அந்த மஞ்சள்தான் குரோமியம், விஷம். அதன் மேல் ஹெச்-மூன்று, ஊசிமுனை அளவில், சாம்பல் புள்ளிகளாக. இதற்காகவா இத்தனை வருடம்?

நிலோ படுத்தபடியே வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "நல்லா கேட்டுக்கோ. குரோமேட் பாக்கறதுக்கு சல்ஃபேட் மாதிரியே இருக்கும். சல்ஃபேட் செல்லுக்கு சாப்பாடு. அதனால சொந்தக்காரன்னு நெனச்சு கதவத் தொறந்துடும். உள்ள வந்த அப்புறம்தான் தெரியும், வந்தவன் திருடன்னு. மத்த கிருமி அங்கயே காலி. நம்மாளு மட்டும் சுவத்துல ஒரு பம்ப் வெச்சினு இருக்கு. உள்ள வர வர இறைச்சு வெளிய கொட்டினே இருக்கும். ராப்பகலா அதே வேலை."

மாற்றிவிட்டேன். கை மறக்கவில்லை. கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, ஒரு புள்ளியைத் தொட்டு, புதுத் தட்டில் கோலம் போடுவதுபோல் இழுத்தேன். இதில் மட்டும் எனக்குக் கை நடுங்கியதே இல்லை. அப்புறம் ஏன் விட்டேன்? போரடித்தது, விட்டேன்.

ஜனவரி 23, செவ்வாய்

வளரவில்லை.

ஜனவரி 24, புதன்

வளர்ந்திருக்கிறது. தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரி 27, சனி

லேபுக்குப் போகவில்லை. வீட்டில் கிடந்த வேண்டாததையெல்லாம் காலி செய்தேன். உடைந்த பிளாஸ்டிக் குடம், பழைய பேப்பர், ஓடாத ஃபேன். காயலான் கடைக்காரர் தள்ளுவண்டியோடு வாசலில் நின்றார். பரண்மேல் நைனாவின் பழைய கம்பூட்ஸ் கிடந்தது. முட்டி உயரம், கறுப்பு ரப்பர், அடியெல்லாம் காய்ந்த சேறு. தோல் ஷாப் மூடி எத்தனையோ வருடம் ஆகிறது. நைனா இப்போது கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். அங்கே செருப்பு போதும். தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"அத எங்க எடுத்துனு போற?"

"காயலானுக்குப் போடறதுக்குத்தான் நைனா. எலி கூடு கட்டிக்கினு கீது."

"வை."

"எதுக்குத்தான் நைனா?"

"வைன்றேன்ல!"

நைனா கத்துகிற ஆள் இல்லை. காயலான் கடைக்காரரே ஃபேனை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிவிட்டார். நைனா பூட்ஸை வாங்கிப் பரணில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

எனக்கு இதெல்லாம் புரியாது. அம்மா இறந்த வாரமே அவள் சேலைகளைச் சர்ச்சுக்குக் கொடுத்தவள் நான். கண்ணாடி, பைபிள், மருந்து டப்பா, வேலூருக்கு டயாலிசிஸ் போகும்போது எடுத்துப்போகிற கூடை, எல்லாவற்றையும். அலமாரி காலியாக இருந்தால்தான் எனக்கு மூச்சு விட முடிகிறது.

ஆனால் கை கழுவிய பிறகும் விரலில் அந்த வாடை இருந்தது. அதோடு நாங்கள் முன்பு குடியிருந்த தெரு முழுக்க ஞாபகம் வந்துவிட்டது. காலை சங்கு. ஆளைவிடப் பெரிய மர டிரம் சுற்றுகிற சத்தம், தொட்டிலில் தூங்குகிறவர்களுக்கு அதுதான் தாலாட்டு. ஷாப்புக்குப் பின்னால் நைனா தோல் பதப்படுத்தக் குரோம் காய்ச்சுவார். ஆரஞ்சு உப்பு, ஆசிட், அதில் உடைத்துப் போட வெல்லம். மூட்டை மூட்டையாக வெல்லம்! ஆரஞ்சு பொங்கிப் பச்சையாக மாறும். நாங்கள் பத்துப் பிள்ளைகள் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து நிற்போம். "துன்னாதடி, விஷக் கை பட்டது!" என்று நைனா துரத்துவார். அம்மா மட்டும் மூட்டை பிரித்ததுமே, விஷக் கை படும் முன், சுத்தமான கட்டி ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள்.

ஓடையில் இன்று என்ன நிறம் வரும் என்று பந்தயம் கட்டுவோம். நீலமா, பச்சையா, மஞ்சளா? மஞ்சள் அபூர்வம். மஞ்சள் சொன்னவள் ஜெயித்தால் அன்றைக்கு அவள்தான் ராணி.

ஜனவரி 29, திங்கள்

இன்றும் அதே ஊசிமுனை. கஷ்டமாக இருந்தது. போன வாரத்தைவிடச் சிறுத்துவிட்டதோ என்று பயம். உடம்பு சரியில்லாத பிள்ளைக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றுகிற மாதிரிதானே இது? முதலில் கஞ்சி கொடுத்துத் தேற்ற வேண்டும். மஞ்சள் போடாத வெறும் தட்டு ஊற்றினேன். கொஞ்சம் க்ளூக்கோஸும் சேர்த்தேன். அதில் மாற்றினேன்.

நிலோவைக் கேட்கலாம் என்று பார்த்தேன். அவள் அம்மா போனை எடுத்து, "கீழாநெல்லி குடிச்சிட்டு இப்பதான் படுத்தா, எழுப்பவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

பழைய தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டுக் கொன்று, கழுவிக் கவிழ்த்தேன். மேசை பளிச்சென்று இருக்கிறது.

ஜனவரி 31, புதன்

அப்படிப்போடு! தட்டு முழுக்க. கொழுகொழுவென்று, வெண்ணெய் தடவிய மாதிரி பளபளப்பு.

பிப்ரவரி 5, திங்கள்

இருப்பதிலேயே குண்டாக இருந்ததைப் பொறுக்கி எடுத்துப் புது வெறும் தட்டில் மாற்றினேன். நன்றாகத் தேறட்டும், அப்புறம் மஞ்சளில் விடலாம். நிலோவுக்குப் போட்டோ அனுப்பினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் வெறும் அகாரும் மஞ்சளாகத்தான் தெரிகிறது. "யா அல்லா! என்னடி மந்திரம் போட்ட?" என்று அனுப்பினாள். பக்கத்தில் மூன்று இதயம்.

ரொம்ப நாள் கழித்து ஒருத்தர் என்னை மெச்சினார். எழுதி வைக்கிறேன், தப்பில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

மறுபடி குண்டானதை எடுத்தேன்.

பக்கத்து அறையில் யு.ஜி. பிள்ளைகளுக்கு வகுப்பு. சுவர் மெல்லியது. மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி மருந்தை வெளியே தள்ளுகிறது என்று ஒரு மிஸ் நடத்திக்கொண்டிருந்தார். கம்பியைக் காய்ச்சியபடி கேட்டேன். அதே பாடம், அதே படம்தான் போர்டில் இருந்திருக்கும். முட்டை மாதிரி ஒரு செல், சுவரில் ஒரு குழாய், குழாயிலிருந்து வெளியே ஒரு அம்புக்குறி.

எங்களுக்கு அதை நடத்தியது ஒரு சார். அம்பு போட்டுவிட்டு "அவ்வளவுதான், செல் பிழைச்சுது" என்றார். நான் எழுந்து, "வெளிய தள்ளுன விஷம் எங்க சார் போகும்?" என்று கேட்டேன். "எங்க போகும்? பக்கத்து வீட்டுக்குத்தான்!" என்றார். வகுப்பே சிரித்தது. நல்ல மனிதர், வேண்டுமென்று சொல்லவில்லை. நானும் சிரித்தேன். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். திரும்பப் போகவில்லை.

அது அம்மாவை அடக்கம் செய்த மறு மாதம். எங்கள் கிணறு ஓடையை ஒட்டியே இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. போரடித்தது, விட்டேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 19, திங்கள்

நிலோ வந்துவிட்டாள்! துப்பட்டாவுக்குள் பாதி ஆளாக இருக்கிறாள். கண் வெளுத்துவிட்டது. வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டோம். பத்தியம் என்று தெரிந்தும் அவள் அம்மா எனக்கு மட்டும் பிரியாணி கொடுத்து அனுப்பியிருந்தார். அவள் மோர் சாதத்தை வைத்துக்கொண்டு என் டப்பாவையே பார்த்தாள்.

"பாக்காதடி, வயிறு வலிக்கும்."

"வாசனை புடிக்கக் கூடாதா? வாசனைல எண்ணெய் இல்ல."

இரண்டாம் வருடத்தில் மாதிரியே இருந்தது. அப்போதும் இதே ஜன்னலோரம்தான். அவள் டப்பா எனக்கு, என் டப்பா அவளுக்கு. அம்மாவின் கருவாட்டுக் குழம்புக்காக நிலோ சண்டை போடுவாள்.

சாப்பிட்டுவிட்டு என் குண்டுப் பிள்ளைகளை எடுத்து அவளே மஞ்சள் தட்டில் இழுத்தாள். நாளை பார்க்கலாம்.

பிப்ரவரி 21, புதன்

ஒன்றும் இல்லை. நேற்று நாள் போதாது என்றாள். இன்றும் இல்லை. மஞ்சள் தட்டு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது.

"எதுலடி வளர்த்த?"

"நல்ல தட்டுலதான். க்ளூக்கோஸ் போட்டு."

"குரோமேட்?"

"போடல. அது பாவம் நோஞ்சானா இருந்துதுடி. தேத்தலாம்னு..."

நிலோ ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எந்தக் காலனி எடுத்த?"

"குண்டா இருந்தது."

"ஒவ்வொரு வாட்டியுமா?"

தலையாட்டினேன்.

அவள் திட்டவில்லை. மெதுவாகச் சொன்னாள், ஏதோ எனக்குக் காய்ச்சல் மாதிரி. "பம்ப்போட குறிப்பு செல்லுக்குள்ள ஒரு தனி வளையத்துல இருக்குடி. பம்ப் ஓட்டறது சும்மா இல்ல. தின்றதுல பாதிய அதுக்கே செலவு பண்ணணும். அதனாலதான் அது நோஞ்சான். விஷம் இல்லாத எடத்துல வுட்டா, சிலது அந்த வளையத்தையே தொலச்சிடும். தொலச்சது செலவில்லாம கொழுக்கும். நீ கொழுத்ததையே பொறுக்கிட்ட."

"பழைய மஞ்சத் தட்டு..." என்றாள். ஆட்டோகிளேவைக் காட்டினேன்.

"திட்டுடி" என்றேன்.

"திட்டுனா வந்துடுமா?"

மேடம் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். "கமிட்டி நாலாம் தேதி." கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

விட்டுவிட்டு ஓடலாம் என்று தோன்றியது. பையைக்கூட எடுத்துவிட்டேன். என் குட்டைக்கால் ஸ்டூலில் நிலோ உட்கார்ந்து தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையைக் கீழே வைத்தேன்.

பிப்ரவரி 22, வியாழன்

ஆட்டோ பிடித்துப் பழைய தெருவுக்குப் போனோம். சேறு எடுத்த இடத்திலேயே மறுபடி எடுத்தால் போகிறது என்பது என் யோசனை.

தெருவே இல்லை. தோல் ஷாப் இருந்த இடத்தில் மனைக்கல் நட்டு, ஏதோ நகர் என்று போர்டு. எங்கள் லைன் வீடுகள் இருந்த இடத்தில் பைக் சர்வீஸ். கிணற்றை மூடி மேலே வாட்டர் வாஷ். ஓடை அப்படியே கான்கிரீட் கால்வாய். மேலே சிமென்ட் பலகை போட்டு, அதன் மேல் ஒருவர் பானிபூரி வண்டி வைத்திருக்கிறார்.

மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். நாற்றம் இல்லை. எந்த நாற்றத்துக்காகத் தலையை மூன்று தடவை அலசிவிட்டு காலேஜ் போனேனோ, அது இல்லை. அழுகை வந்தது. இதற்கெல்லாமா அழுவார்கள்?

"இங்கதான் நாங்க நிறத்துக்கு பந்தயம் கட்டுவோம்" என்று நிலோவிடம் காட்டினேன். பானிபூரிக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்து, "இன்னாமா தேடறீங்க, கம்மலா?" என்றார்.

"சேறுண்ணா."

"அது எதுக்குமா? சுத்தமா பண்ணிட்டாங்களே!"

மனை ஓரத்திலும் கால்வாய் மூலையிலும் கிடைத்த மண்ணை அள்ளிக்கொண்டு வந்தோம். தட்டில் போட்டாயிற்று. எல்லாம் எங்கிருந்தோ லாரியில் வந்த கிராவல் மண். எனக்கே தெரிகிறது.

பிப்ரவரி 24, சனி

ஒன்றும் முளைக்கவில்லை. நிலோ போனில், "வுடுடி, வேற மேடம் பாத்துக்கறேன்" என்றாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் தாங்கவில்லை.

நைனா மண்டபத்திலிருந்து வந்தார். நான் சோறாக்கவில்லை. ஏன் என்று கேட்டார். சொன்னேன். ஐந்து வருடத்தில் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது இல்லை. சேறு, கிருமி, மஞ்சள் தட்டு, என் குண்டுப் பிள்ளைகள், கான்கிரீட்.

"ஓடையே இல்லயா?"

"இல்ல நைனா."

"கெணறு?"

"மூடிட்டாங்க."

சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். பூட்ஸை இறக்கி என் முன்னால் பேப்பரை விரித்து அதன் மேல் வைத்தார்.

"இதுல கீது பாரு. குரோம் தொட்டியாண்ட மண்ணு. ஷாப்பு மூடுன கடைசி நாளு வந்து கழட்டி வெச்சதுதான். உங்கம்மா கழுவறேன்னா. நான்தான் வாணாம்ட்டேன்."

"அவ்ளோ வருஷம் காஞ்ச மண்ணு நைனா..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். இந்த வகைக் கிருமி காய்ந்தால் சாகாது. விதை மாதிரி சுருண்டு ஓடு கட்டிக்கொண்டு கிடக்கும். ஈரம் பட்டால் எழுந்துவிடும். இரண்டாம் வருடப் பாடம். எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று இரண்டு.

வெந்நீரில் கழுவிய கத்தியால் அடிச்சேற்றைச் சுரண்டினேன். பச்சையும் மஞ்சளுமாக அடுக்கடுக்காக உதிர்ந்தது. நைனா பூட்ஸைப் பிடித்துக்கொண்டார், ஆட்டுக்குக் குளம்பு வெட்டும்போது பிடிப்பதுபோல.

"அந்தக் கிருமி விஷத்த இன்னா பண்ணும்?"

"உள்ள வந்தா வெளிய தள்ளிடும்."

"தள்ளுனா? அது எங்க போவும்?"

கத்தி நின்றது. இந்த வீட்டில் இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"பக்கத்துலதான் நைனா. எங்கயும் போவாது."

நைனா பூட்ஸைப் பேப்பர்மேல் வைத்தார். "நாங்க பண்ண மாதிரிதான்" என்றார்.

"நீங்க ஒரு ஆளா பண்ணீங்க? வேலை அது."

"தொட்டிய கவுத்தது இந்தக் கையி. கெணத்துல எறச்சது அவ கையி."

யாரும் சிரிக்கவில்லை. பூட்ஸின் வாயைத் திருப்பினேன். உள்பக்கம் சிவப்பு நெயில் பாலிஷில் "ஞா.மு." என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. ஞானமுத்து. அம்மாவின் எழுத்து. மு எப்போதும் அவளுக்குச் சாய்ந்துவிடும்.

"ஷாப்புல எல்லாத்துக்கும் ஒரே பூட்ஸு. மாறிப்போவுதுன்னு எழுதிக் குடுத்தா. பசங்கோ எல்லாம் ஓட்டுவானுங்க, 'இன்னா மேஸ்திரி, பொட்டு வெச்ச பூட்ஸு'ன்னு" என்று சொல்லி நைனா சிரித்தார். சிரிப்பு முடியும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அம்மாவைப் பற்றியே பேசினோம். முந்தானை வெல்லம் அவருக்குத் தெரியுமாம். தெரிந்துதான் முதல் மூட்டையை அவளைப் பிரிக்க விடுவாராம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. மேடம் வந்து லேபைத் திறந்துவிட்டார். நிலோவும் வந்தாள். சேற்றைத் தண்ணீரில் கரைத்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்தோம். சும்மா இருக்கிற கிருமி எல்லாம் அதில் செத்துவிடும், ஓடு கட்டியது மட்டும் தப்பிக்கும். பிறகு மஞ்சள் தட்டு. வெறும் தட்டு ஒன்றுகூட ஊற்றவில்லை.

கிளம்பும்போது மேடம் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். "பேரு போடு."

"டிபன் எடுத்துனு வந்தவ மேடம்."

"வாய மூடிட்டு போடு."

பிப்ரவரி 26, திங்கள்

இல்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

இல்லை. நைனா மண்டபத்திலிருந்து போன் செய்தார். "மொளச்சுதா?"

பிப்ரவரி 28, புதன்

தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தது நிலோதான். என் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஊசிமுனைகள். சாம்பல் நிறம். தேடித்தான் பார்க்க வேண்டும்.

"அதானாடி?" என்றேன்.

"அதுவா, அதோட சித்தப்பனான்னு தெரியாது. பம்ப் ஜீன் இருக்கான்னு பாத்துடலாம். பழசு இதான்னு பொய் சொல்லக் கூடாது. தொலைஞ்சுது, மறுபடி எடுத்தோம்னு கமிட்டிகிட்ட சொல்லிடலாம். எப்படித் தொலைஞ்சுதுன்றதே ஒரு பக்கம் எழுதலாம்டி."

"என் பேரு போட்டா?"

"பின்ன? நீதான வளத்துக் கெடுத்தவ!"

மார்ச் 1, வெள்ளி

ஜீன் இருக்கிறது. சோதனை ஜெல்லில் அதன் பட்டை சரியான இடத்தில் பளிச்சென்று. நிலோ டேபிளைத் தட்டி ஆடினாள். மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "காமாலைக்காரி, உக்காரு" என்றார்.

இன்னொரு தட்டுக்கு மாற்றி வைக்க வேண்டும். லேபிள் ஒட்டவில்லை. கண்ணாடிமேலேயே கீறி எழுதுகிற பேனா கொடுத்தாள். "பேரு வை, இது புது ஆளு" என்றாள். எஸ்-ஒன்று என்று எழுதினேன். நிலோ எதற்கு என்று கேட்கவில்லை. அம்மா பேர் சாரா என்று அவளுக்குத் தெரியும், குழம்பு தின்றவள்.

நைனா போன் செய்தார். பூட்ஸைக் கழுவட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பரண்மேலேயே இருக்கட்டும் என்றேன். "நாளைக்கும் காலேஜா?" என்றார். நாளைக்கும்தான் என்றேன்.

கம்பியைக் காய்ச்சி ஆறவிட்டேன். தட்டின் நடுவில் இரண்டு காலனி மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக, பளபளவென்று என்னைப் பார்த்தன. அவற்றைத் தாண்டி, ஓரத்தில், மஞ்சள் அடர்ந்த இடத்தில் ஒரு நோஞ்சான்.

அதைத் தொட்டு எடுத்தேன்.